உப்புத்தாள்

குலசேகரம் ஹார்டுவேர் கடையில்
பாதித் தாள் தரமாட்டார்கள்.
முழுசாக வாங்கினேன், நூற்றிருபதாம் நம்பர்.
"கதவா, ஜன்னலா?" என்றான் பையன்.
விதைக்கு என்றேன்.
சில்லறை எண்ணிய கை
கொஞ்சம் நின்று, மறுபடி எண்ணியது.

முதல் தட்டில் நூறு போட்டேன். முளைத்தது பதினொன்று.
சோபனராஜ் சாருக்கு வேண்டியதோ
நூற்றைம்பது பேஷன் புரூட் கன்று.
அவர் தந்த ஐநூறு அட்வான்ஸ்
எப்போதோ தேங்காயெண்ணெய் ஆகிவிட்டது.

பழத்தைப் பிளந்தால்
விதைக்கு ஒரு மஞ்சள் பை.
தவளை முட்டை என்பாள் அபிஷா,
சொல்லிக்கொண்டே தின்பாள்.
அந்த வழுவழுப்பை மூன்று நாள் புளிக்கவிட்டேன்
ரப்பர் பால் பிடித்த பழஞ்சிரட்டைகளில்.
வீடெல்லாம் கள்ளு வாடை.
பாஸ்டர் ஜெபிக்க வந்தபோது
கண்ணை மூடுமுன்
ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

சாம்பலிட்டுக் கசக்கி, கழுவி, நிழலில் உலர்த்தி,
பிறகுதான் உப்புத்தாள்.
இரண்டு தாளுக்கு நடுவே ஒரு சிட்டிகை விதை.
அதிகம் தேய்த்தால் உள்ளிருப்பதும் போகும்.
குறைத்தால்
ஆளில்லா வீட்டைத் தட்டியது மாதிரி.
எத்தனை சுற்று என்று எவரும் எழுதிவைக்கவில்லை.
கறுப்பு மினுக்கம் போய்
எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு நிறம் வந்ததும்
நிறுத்தினேன்.

கட்டைவிரல் ரேகையும் கூடவே போயிருந்தது.
ரேஷன் கடை மெஷின்
நாலு தரம் என்னை இல்லை என்றது.
"விஜிலாபாய் நான்தானே" என்றேன்.
"எனக்குத் தெரியும், அதுக்குத் தெரியாண்டாமா?" என்றார்.
வெறும் பையோடு திரும்பினேன்.

அன்றிரவு வெந்நீர் விளாவினேன்.
முழங்கை பொறுக்கும் சூடு,
பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும் சூடு.
ஒரு பகல் ஒரு இரவு ஊறவிட்டு
மணலும் சாணிப்பொடியும் கலந்த தட்டில் இட்டேன்.

பதினாறாம் நாள், சானலில் தண்ணீர் விட்ட காலை,
மண் அங்கங்கே பொருக்குத் தூக்கியது.
குனிந்த தலையோடு வந்தன,
சிலது ஓட்டைக் கழற்றாமலே.
நூற்றுக்கு எழுபத்துமூன்று.
இரண்டு தட்டில் கணக்கு நேராகிவிடும்.

அந்த முதல் தட்டை நான் வீசவில்லை.
சோம்பல்தான், வேறொன்றுமில்லை.
கோழி கிளறும் மூலையில் கிடந்தது.
ஐம்பத்திரண்டாம் நாள் அதிலிருந்து ஒன்று,
தேய்க்காதது, ஊறாதது,
இரண்டு இலையோடு நிற்கிறது.
நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

சோபனராஜ் சார் வண்டியில் அதை ஏற்றவில்லை.
எண்ணிக்கை சரியாயிருந்ததால்
அவரும் கேட்கவில்லை.

அந்த வாரமே மெஷினில் பச்சை விளக்கு.
அரிசியைத் தூக்கிக்கொண்டு
மழைக்கு முன்னே வீடு வந்தேன்.