டொக்

சிட்ரிக் அசிட் அரைத் தேக்கரண்டிதான்.
கூடிவிட்டால் பித்தளை வெட்கப்பட்டதுபோல் சிவக்கும்.
துத்தநாகம் கழன்று செம்பு வெளியே வருகிறது என்பான் இம்தாத்.
முதல் சனிக்கிழமை எண்பது கோதுகள்
அப்படி வெட்கப்பட்டுப் போயின.

ஜம்பட்டா வீதியில் மாவு மில்லுக்குப் பின்புறம் பட்டறை.
ஒரு ரப்பர் டிரம். யாரோ விற்ற வாஷிங் மெஷினின் மோட்டார்.
கோது இரண்டு கிலோ.
குண்டூசியை மூன்றாய் நறுக்கியதுபோல் உருக்குத் துணுக்குகள்
இன்னொரு இரண்டு கிலோ.
தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மூடி.
இறுக்கி மூடிச் சுழலவிட்டால் மூன்று மணிநேரம்
மழை தகரத்தில் புரண்டு படுக்கிற சத்தம்.
மேல்மாடி ஃபாஹிமா ராத்தா
ஒன்பதரைக்குத் தும்புத்தடியால் தரையை இடிப்பார்.
நிறுத்துவோம். தூங்கட்டும்.

ஆயிரத்து இருநூறு வேண்டும்.
காலிமுகத்திடல் பக்கம் கட்டி முடிகிற ஹோட்டலில்
பத்தொன்பதாம் மாடி மதுக்கூடத்துக்கு ஒரு சரவிளக்கு.
வடிவமைப்பாளர் சவிந்த்ரி போனில் படம் காட்டினார்:
முகம் பார்க்கிற மாதிரி மினுங்க வேணும்,
காற்று வந்தால் கிணுகிணுக்க வேணும்.
மினுங்கும் மிஸ், என்றேன்.
கிணுகிணுப்பைப் பற்றி நான் வாக்குக் கொடுக்கவில்லை.

சுனிமலின் பழைய இரும்புக் கடையிலிருந்து
மூன்று அரிசிப் பைகளில் வந்தன.
கூடவே ஒரு கடிதம், இரண்டு முத்திரை,
‘பயிற்சித் திடல்’ என்று ஒரு சொல்.
எந்தத் திடல் என்று இல்லை.
கிலோ விலை இருந்தது.

முதல் இரண்டு பைகளின் தண்ணீர் கறுப்பு.
அடுப்புக்கரி கழுவிய மாதிரி, நுரையோடு.
மூன்றாவது சிவப்பு.
இம்தாத் என்னைப் பார்த்தான்.
நான் வாளியைப் பார்த்தேன்.
இந்த ஊர்க் கபுக்கல்லின் சிவப்பு எனக்குத் தெரியும்.
இது வேறு.
கானுக்குள் கவிழ்த்தேன். கான் கடலுக்குப் போகும்.
கடலைப் பார்த்தபடிதான் அந்த ஹோட்டல்.

அழுக்காய் இருக்கும்வரை உலோகம்.
துலக்கிவிட்டால் வாசிக்க வேண்டியதாகிவிடுகிறது:
அடிவட்டத்தில் ஏதோவொரு நாட்டின் எழுத்து,
அதன் எதிரே ஒரு வருஷம்.
‘இதில நான் பிறக்கவே இல்லை’ என்றான் இம்தாத்.
‘நான் எட்டாம் வகுப்பு.’
பிறகு காந்தத்தால் ஊசிகளைப் பொறுக்கினோம்.
கேப் துளைக்குள் சிலசமயம் இரண்டு ஊசிகள்
ஒன்றையொன்று நெருக்கி மாட்டிக்கொள்ளும்.
கவ்வியால் முதலில் எதை இழுப்பது என்பதே
ஒரு பின்னேர வேலை.

ஒன்றில் மட்டும் வாய்வரை மண்.
மூன்று தரம் புரட்டியும் போகவில்லை.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
குளவி கட்டியது.
எச்சிலில் குழைத்து, பூசி, அறைக்குப் பின் அறையாக.
அப்படியென்றால் அது கிடந்திருக்கிறது,
ஒரு குளவி வந்து,
சுற்றிச் சுற்றிப் பறந்து,
உள்ளே போய் அளந்து,
இந்த வீடு போதும் என்று முடிவெடுக்கும்வரை
யாரும் குனிந்து எடுக்காமல்.

துளைபோடும் மிஷினை எடுத்தேன்.
வைத்தேன்.
வெளியே மினுங்குகிறதே, போதாதா.

வியாழக்கிழமை நாங்களே ஏணி வைத்துக் கட்டினோம்.
கீழே இஸ்ஸோ வடை வண்டிகள் புள்ளி புள்ளியாய்,
துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் கப்பல்கள்.
சவிந்த்ரி சன்னலைத் திறக்கச் சொல்லிக்
கண்ணை மூடிக்கொண்டார்.
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது மணிகள்.
நடுவில் எங்கேயோ
டொக்.

கண் திறந்தது.
‘என்ன அது?’
‘காற்று, மிஸ்.’

மீதிப் பணம் திங்களன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்.
வெட்கப்பட்ட எண்பதும் இன்னும் பட்டறையில்,
பால்மா டின்னுக்குள்.
சுனிமல் பாதி விலைக்குத்தான் திருப்பி எடுப்பானாம்.