பதினொன்றாம் கட்டில், பன்னிரண்டாம் கட்டில்

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
ரெண்டு பேருக்கும் தாய்மொழி இந்தி என்று
சீட்டெழுதும் தாணப்பன் எழுதியிருந்தார்.
வடக்கே இருந்து வருகிறவர்கள் எல்லாம் அவருக்கு இந்தி,
கிழக்கே இருந்து வந்தாலும்.

பதினொன்று: சூராட எர்ரய்யா, ஸ்ரீகாகுளம்.
தேங்காய்ப்பட்டணம் விசைப்படகில்
வின்ச் கயிறு இரண்டு விரலைக் கொண்டுபோனது.
பன்னிரண்டு: வகியோ.
இனிஷியல் கிடையாது, அவன் ஊரில் தேவைப்படவில்லையாம்.
ஜாவா, ரெம்பாங் கரை.
சரக்குக் கப்பலில் குடல்வால் பழுத்து
சின்னமுட்டத்தில் இறக்கினார்கள்.

நைட் டியூட்டி. வெளியே மழை சாடுகிறது.
இந்தியை வெட்டி
தெலுங்கு என்று எழுதினேன், ஜாவானீஸ் என்று எழுதினேன்.
எழுதியபின் ஒரு ஆசை,
ரெண்டு கையிலும் பிரஷர் எடுத்துப் பார்ப்பதுபோல
ரெண்டையும் பார்க்க.

தண்ணீருக்கு எர்ரய்யா 'நீள்ளு' என்றான்.
அது நம்ம நீர்தான்,
வடக்கே போய்க் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது.
வகியோ 'பன்யு' என்றான்.
காய்ச்சலில் இங்கிலீஷ் கழன்றுபோயிருந்தது அவனுக்கு.
டாக்டர் வந்தபோது
அதே தம்ளரைக் காட்டி 'தோயோ' என்றான்.
ஆ வரவேண்டிய இடத்தில் உதடு குவிந்துவிடுகிறது.
தோயம்!
தெலுங்கிலும் உண்டு, புத்தகத்துக்குள்.
தமிழிலும் உண்டு, நிகண்டுக்குள்.
தாகத்துக்கு யாரும் எடுப்பதில்லை.

எர்ரய்யாவின் மரியாதை சொல்லின் வாலில் இருக்கிறது.
ரண்டி, கூர்ச்சோண்டி.
கடைசியில் ஒரு சின்னக் குனிவு, போதும்.
வகியோவுக்கு வால் போதாது.
எதிரே நிற்பவர் மாறினால்
சோறு மாறும், வீடு மாறும், கண் மாறும்,
வாக்கியமே உள்ளே போய் வேட்டி மாற்றிக்கொண்டு வரும்.
'நான்'கூட மாறும்.

அந்த நானில்தான் வந்தது வினை.
நெஞ்சைத் தொட்டு 'குலோ, குலோ' என்றான்.
எர்ரய்யா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.
"இவனும் குலம் கேக்கான் சிஸ்டர்.
ரூம் கேட்டுப் போன எடத்துலெல்லாம் கேட்டாச்சு."

காய்ச்சல் இறங்கி இங்கிலீஷ் திரும்பியபின் விசாரித்தேன்.
எழுத்தில் 'குல'.
உங்களுக்குக் கீழே நிற்கிற நான் என்று அர்த்தம்.

எனக்கு அது புதிதில்லை.
இந்த மண் திருவிதாங்கூராக இருந்தபோது
எங்கள் ஆட்கள் நான் என்று சொல்லக் கூடாது, அடியேன்.
கண் கூடாது, பழங்கண்.
சோறு கூடாது, கரிக்காடி.
ஒரு மொழிக்குள்ளேயே எங்களுக்கு வேறு பாத்திரம்.

ஆனால் வகியோ
தரை துடைக்க வந்த ஞானசெல்வத்திடமும்
அதே குலோதான் சொன்னான்.
அவள் மாப்பை நிறுத்தி
"என்னத்தக் கேக்காரு?" என்றாள்.
எனக்குப் பதில் வரவில்லை.
இறக்கி வைக்கப்படுவதற்கும்
தானே இறங்கி நிற்பதற்கும்
ஒரே சொல்தானா?
இலக்கணம் படித்தவர்கள் சொல்லட்டும்.
நான் ட்ரிப் மாற்றப் போனேன்.

மூன்றாம் ராத்திரி சேக்காளிகள் ஆகியிருந்தார்கள்.
காய்ச்சல் சார்ட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தார்கள்.
பள்ளிக்கூடத்தில் படித்த அஞ்செழுத்துதான் வகியோவுக்கு நினைவிருந்தது.
ரெண்டும் ஒரே சட்டியில் பொரிந்தது மாதிரி வளைந்து கிடந்தன,
ஒருவன் எழுத்தை மற்றவனுக்கு வாசிக்கத்தான் முடியவில்லை.
இப்போது குலோ இல்லை.
கூட்டாளியிடம் சொல்கிற நான் வேறு: 'அக்கு'.
எர்ரய்யா சிரித்துவிட்டான்.
கொஞ்சம் நீட்டினால் ஆக்கு,
அவன் ஊரில் இலை.
ஜன்னல் வழியே வாதமரத்தைக் காட்டினான்.
வகியோ மரத்தைப் பார்த்தான்,
தன்னைப் பார்த்தான்,
சரி என்று தலையாட்டினான்.

விடியுமுன் ஏஜென்ட் கார் வந்தது.
எர்ரய்யா ஊசி மயக்கத்தில் உறங்கினான்.
வகியோ எழுப்பவில்லை. என்னிடம் 'பலி' என்றான்,
வாசலைக் காட்டி, ரெண்டு தரம்.

ஏழு மணிக்கு எர்ரய்யா கேட்டான், "இலை எங்க சிஸ்டர்?"
பலி என்று சொல்லிவிட்டுப் போனான் என்றேன்.
மீதி மூன்று விரலும் நடுங்கிவிட்டன.
இல்லை இல்லை,
அங்கே பலி என்றால் திரும்பிப் போவது,
வீட்டுக்கு.

"அங்க அப்படியா?"

இட்லி ஆறிக்கொண்டிருந்தது.
அவன் அந்தச் சொல்லை மெதுவாக,
சூடு பார்ப்பவன்போல, சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.
பலி.
பலி.