வலையூஞ்சல்

கால்விரல் ஒவ்வொன்றாய்க் கிள்ளிப் பார்த்தார் டாக்டர்,
கண்ணுக்குள் டார்ச் அடித்தார்.
மூன்றாவது இடத்தைப் பற்றி
அவரும் கேட்கவில்லை, இவனும் வாய்திறக்கவில்லை.

மெரிடா முழுக்க சோடா லாரி ஓட்டிய எவெலியோ
வலையூஞ்சலில் எனக்கு முதுகு காட்டி
குறட்டை நடிக்கிறான்.
நிஜக் குறட்டையில் ஒரு விசில் இருக்கும்,
எனக்குத் தெரியாதா?

அவனுக்கு நான் சலித்துவிட்டேன் என்று
போன மாதம் மஞ்சள் பாவாடை வாங்கினேன், மடச்சி.
இன்று துவைக்கும்போது சட்டைப்பையில்
நாலாக மடித்த சீட்டு:
ஒரு மாத்திரையின் பெயர்,
அதன் விலை, அடிக்கோடு.
வாங்கவில்லை.

அட, இந்த ஊர் வலையில்
இரண்டு பேர் படுத்தால்
யார் விலகினாலும் நடுவில்தான் வந்து விழவேண்டும்.
எழாதது எழாமல் கிடக்கட்டும்.
நீ விழு.
சர்க்கரையைப் பற்றிக் காலையில் பேசிக்கொள்வோம்.