பக்கவாட்டுப் படம்

"ஒண்டுதான்" என்றாள்.
பதினொரு வயது. நிலாவெளி.
தாய் கடற்கரை விடுதியில் விரிப்பு மாற்றுபவள்,
கையில் இன்னும் குளோரின் மணம்.

ஒன்றென்றால் பெரும்பாலும் பயமில்லை.
குடல் தன் பாட்டில் கொண்டுபோய் இறக்கிவிடும்.
இரண்டென்றால் தேடும்.
இந்த மடிப்பில் ஒன்று, அந்த மடிப்பில் ஒன்று,
நடுவே நனைந்த கடதாசி மொத்தத்தில்
இரண்டு சுவர்.
பிடித்தால் பிடித்ததுதான். விடாது.

முன்பக்கப் படத்தில் ஒற்றைப் பொட்டு.
டொக்டர் கேட்டதும் ஒரு படம்தான்.
இரவு பத்தரை. கிண்ணியாவிலிருந்து வந்த கைமுறிவொன்று
வெளி வாங்கில் முனகிக்கொண்டிருந்தது.
அனுப்பியிருக்கலாம்.

ஏன் அவளைச் சரித்துப் படுக்கவைத்தேன் என்று
இப்போதும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.
"ஒண்டு" என்று சொன்ன கையோடு
வாயை இறுக்கி மூடிக்கொண்டாளே,
அதுவாயிருக்கலாம்.

பக்கவாட்டில் இரண்டு.
இடையில் மயிரிழை இருட்டு.
அந்த இருட்டுத்தான் பிள்ளையின் குடல்.

தாயை வெளியே நிற்கச் சொன்னேன்.
"கடற்கரையில ஒரு வெள்ளைக்கார அக்கா
நாக்கில மணி குத்தியிருந்தவ.
நான் மேல ஒண்டு, கீழ ஒண்டு வச்சுப் பாத்தன்.
வெள்ளிக்கிழமை ஒண்டு உள்ள போட்டுது.
ஞாயிறு மற்றதும்.
ரெண்டெண்டால் அம்மா ரெண்டு மடங்கு அடிப்பா."

சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் எனக்கு வேலையில்லை.
தாதி சுரேந்தினி சொல்லித்தான் தெரியும்:
இடுக்கி, கத்தரி, கிட்டக் கொண்டுபோனதெல்லாம்
காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டதாம்.
டொக்டர் சிங்களத்தில் ஒருமுறை ஏசினாராம்,
பிறகு காந்தத்திடமே மன்னிப்புக் கேட்டாராம்.
மிளகளவில் இரண்டு ஓட்டை.
தைத்து முடிய இரண்டு மணியாயிற்று.
கிண்ணத்தில் போட்டதும் டிக்கென்று சேர்ந்தனவாம்,
நடுவில் ஒருவரும் இல்லாமல்.

விடிய வீட்டுக்குப் போகையில்
பஸ் நிலையத்தருகே புள்ளிமான் ஒன்று
பொலித்தீன் பையை மென்றுகொண்டு நின்றது.
கை தட்டினேன்.
என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது.

தையல் வெட்ட வந்த அன்று
எக்ஸ்ரே அறைக் கதவில் ஒரு தலை.
பேசவில்லை. நாக்கை நீட்டிக் காட்டினாள்,
நுனியிலிருந்து அடிவரை, மேலும் கீழும்.
வெறும் நாக்கு.
பலாச்சுளை நிறத்தில் ஏதோ இனிப்பின் கறை மட்டும்.

சரி, போ என்றேன்.
அடுத்த துண்டை எடுத்தேன்:
ஆண், மூன்று வயது, மூதூர்.
விழுங்கியது என்னவென்று
எழுதியிருக்கவில்லை.