நான்கு இலக்கம்

வட நார்வேயில் நவம்பர்.
மதியம் இரண்டுக்கே இருட்டிவிடும்.
ஒட்வார் நூலகத்துக்குள் வரும்போது
மீன் ஆலை வாடையும் கூடவே வரும்.
அங்கே மின்பணி. இரவில்
இணையக் கலைக்களஞ்சியத்துக்கு எழுதுகிறார்.
சம்பளம் கிடையாது, பெயரும் கிடையாது.

"கலங்கரை விளக்கம். முதலில் ஏற்றியது 1911.
யாரோ 'சான்று தேவை' என்று
ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்."

எடுத்துக் கொடுத்தேன்:
வழவழ அட்டையில் சுற்றுலாக் கையேடு. 1911.
போன வருடம் வந்த மாவட்ட வரலாறு. அதிலும் 1911.
அவர் முகம் மலர்ந்தது. எனக்குத்தான்
அடிக்குறிப்பைப் பார்க்காமல் புத்தகத்தை மூட வராது.

வரலாறு கையைக் காட்டியது கையேட்டை.
கையேடு கையைக் காட்டியது
கலைக்களஞ்சியக் கட்டுரையை.
"அதை எழுதியது யார்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வெகுநேரம் துடைத்தார்.
"எட்டு வருடம் இருக்கும். தூக்கக் கலக்கம்.
படகுத்துறையில் யாரோ சொன்னது."

நிலவறைக்குப் போனேன். துறைமுகப் பேரேடு:
மண்ணெண்ணெய், நான்கு பீப்பாய், விளக்குக்கு,
அக்டோபர் 1908.
தாளில் இன்னும் எண்ணெய்க் கறை.

"இதைப் போடலாமா?"
"வாங்கினார்கள் என்றுதான் இருக்கிறது.
ஏற்றினார்கள் என்று இல்லையே."
சொன்னவள் நான்தான்.
சொன்ன பிறகு எனக்கே கசந்தது.

என் கணினியிலேயே உட்கார்ந்தார்.
ஒற்றை விரலால்
அழிக்கும் விசையை நான்கு முறை தட்டினார்.
வருடம் போனது. பின்னாலேயே வாக்கியமும்.

இப்போது கட்டுரையில் மிச்சம்:
தீவின் வடமுனையில் ஒரு கலங்கரை விளக்கம் உள்ளது.

சன்னலுக்கு வெளியே
பன்னிரண்டு விநாடிக்கு ஒருமுறை
எங்கள் இருவர் முகத்திலும்
வந்து வந்து போனது அது.