பாதி எஞ்சின்

கிணற்று மேட்டில் நாலு போல்ட்டில் நிற்கிறது.
கரண்ட் வந்த வருடத்தோடு அதன் சத்தம் நின்றது.
கிணற்றில் இப்போது மயில் அடைகிறது;
தண்ணீர் ஆயிரத்து நூறு அடிக்குக் கீழே,
போர்க்காரனுக்கு மட்டும் தெரிந்த இடத்தில்.

மினி லாரியோடு சத்தார் பாய் வந்தார்.
விரல் முட்டியால் ஒரு தட்டு,
தர்ப்பூசணி வாங்குகிறவர் போலக் காது கொடுத்தார்.
"எரநூத்தி எம்பத்தாறு கிலோ வருமுங்க. முப்பத்தாறு ரூவா."
தராசில் ஏற்றாமல் எப்படி என்றேன்.
"இதேமாரி நாப்பது கெடக்குது கடையில."

ரிசார்ட்டுக்காரன் ஒருவன் வாசலில் வைக்கக் கேட்டானாம்.
போட்டோ அனுப்பினேன்.
துரு பத்தாது என்று பதில் வந்தது.

மெக்கானிக் ஆறுச்சாமி வேறு கணக்கு.
ரிங் போச்சு, நாசில் போச்சு, லைனர் சந்தேகம்,
டேங்குக்குள் குளவி.
பதினொன்றாயிரத்து நானூறு செலவு பண்ணினால் ஓடும்,
ஓடினால் மூலனூரில் ஒருத்தர் பதினாலாயிரத்துக்கு எடுப்பார்.
ஓடினால்.

நான் வெள்ளகோயில் மில்லில் கணக்கெழுதுகிறவள்.
வவுச்சரின் பின்பக்கம் கழித்துப் பார்த்தேன்.
ஓட வைத்து விற்றால் கையில் ரெண்டாயிரத்து அறுநூறு.
உடைத்துப் போட்டால் பத்தாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு.
மூன்று தடவை கூட்டினேன்.
செத்ததற்குத்தான் விலை.

ஆனால் பாகப் பத்திரம் இருக்கிறதே.
'கிணற்றில் சரிபாதி, எஞ்சினில் சரிபாதி,
தண்ணீர் முறை நாள் விட்டு நாள்.'
எந்தப் பாதி என்று எழுதவில்லை.
சக்கரம் ரெண்டு. ஆளுக்கொன்று உருட்டிப் போகவா?
மறுபாதிக்காரர் குழந்தைவேலு அண்ணன்.
கிளுவை வேலியை ஒன்றரை அடி தள்ளி நட்டதில்
பேச்சு நின்று ஒன்பது வருடம்.

"ஒருக்கா சுத்திப் பாத்துட்டு முடிவு பண்ணலாமுங்க,
ஹேண்டில் எங்கே?"
ஆறுச்சாமி கேட்டபோதுதான் ஞாபகம்.
ஹேண்டில் அவர்கள் பங்கில் போனது.

போனேன். சாமியாத்தா அண்ணி
என்னைப் பார்த்தாள், என் செருப்பைப் பார்த்தாள்,
ஆட்டுப்பட்டிக் கதவிலிருந்து அதை உருவினாள்.
தாழ்ப்பாளாக இருந்திருக்கிறது.
காலையும் மாலையும் கை பட்டுப் பட்டு
அது மட்டும் பளபளவென்று.

என்னிடம் கொடுக்கவில்லை.
அண்ணன் வாங்கித் தோளில் வைத்து
எனக்கு முன்னால் நடந்தார்.

டீசலை பாட்டிலில் கட்டித் தொங்கவிட்டாயிற்று.
சுற்ற ஒரு ஆள், வால்வைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள்.
ஆறுச்சாமிக்கு வலது கை முறிந்து கூடியது.
நான் பிடித்தேன்.
சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார் அண்ணன்,
அந்த வேலியில்தான்.
ஒரு சுற்று, ரெண்டு சுற்று,
சக்கரம் துருவைத் தின்றுகொண்டு வேகம் பிடிக்க,
"விடு" என்றார்.

ஒன்பது வருடத்தில் முதல் வார்த்தை.
விட்டேன்.

டுப்.
ஒரே ஒரு கறுப்புப் புகை.
மயில்கள் கிணற்றிலிருந்து அலறி எழுந்தன.
அவ்வளவுதான்.

"நாசில்" என்றார்.
"லைனரும்" என்றேன்.
"போட்றலாமா?"
"போட்றலாம்."

மறுநாள் எடை மேடையில் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று.
ஏழு கிலோ எப்படி ஏறியது என்று
சத்தார் பாய்க்கே விளங்கவில்லை.
பத்தாயிரத்து ஐநூற்று நாற்பத்தெட்டு.
பாதியை வேலிக்கு மேலாக நீட்டினேன்.
ஐயாயிரத்து இருநூற்று எழுபத்து நாலு;
அண்ணி ரெண்டு தடவை எண்ணினாள்,
நாலு ரூபாய் சில்லறையையும்.

போல்ட்டுகள் நாலும் கான்கிரீட்டோடு நிற்கின்றன,
அறுக்கிற கூலிக்குக் காணாது என்று விட்டுப் போனார்கள்.
ஹேண்டில் திரும்பவும் ஆட்டுப்பட்டியில்.
நாலு கிலோ இருக்கும்.
நூற்று நாற்பத்து நாலில் என் பாதி எழுபத்திரண்டு.

கேட்கவில்லை.
தள்ளுபடி செய்யவும் இல்லை.
வவுச்சரில், தேதி போட்டு,
வர வேண்டியது என்று எழுதி வைத்திருக்கிறேன்.