எதிர்மனுதாரர், ஒருமை

மூன்று நகல், பச்சை நாடா,
இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் காலி.
மேயோ ஹால் பக்கத்து ஜெராக்ஸ் கடையில்
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
பதினோரு வருடமாக இதே வேலை,
இன்றும் சில்லறை இல்லாமல்தான் வந்திருக்கிறேன்.

குழந்தை தமிழில் சொன்னாள்.
குழுவில் கன்னடத்தில் கேட்டார்கள்.
மனு ஆங்கிலத்தில் போக வேண்டும்.
நடுவில், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில், நான்.

"பூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள்.
யார் யார் என்று பென்சிலால்
ஓரத்தில் கேட்டிருந்தார் ஷம்ஷாத் மேடம்:
எதிர்மனுதாரர்கள் எல்லோர் பெயரும் வேண்டும்,
முகவரியோடு.

திரும்பக் கேட்டேன்.
நீலசந்திரா, மூன்றாவது குறுக்குத் தெரு, தகரக் கதவு.
ஜன்னல் கம்பி வழியாக
பக்கத்து வீட்டு அக்கா தள்ளிவிட்ட பன்.
தம்பிக்குப் பெரிய பாதி.
தண்ணி தீர்ந்தது, அப்புறம் இருட்டினது,
"அப்புறம் வந்து பெல்ட்டால அடிச்சாங்க."
எல்லாம் வந்தது. ஆள் மட்டும் வரவில்லை.

எத்தனை பேர், கண்ணு?

ஒரு விரல் நீட்டினாள்.
"மாமா மட்டும்தான்.
பெரியவங்கள அவன் இவன்னு சொல்லக் கூடாதாம்.
குவைத்துலேர்ந்து அம்மா போன்ல சொன்னாங்க."

அடிச்சாங்க. சொன்னாங்க.
இரண்டு பேருக்கும் ஒரே விகுதி.

இரவு தட்டச்சு செய்தேன்.
ஆங்கிலத்தில் அந்த ஆளுக்கு
இரண்டே எழுத்து போதும்.
ஏழு வயதுப் பிள்ளை கொடுத்த மரியாதையைப்
பத்தி நான்கில் பிடுங்கிக்கொண்டேன்.
நியாயம்தான். ஆனாலும்
'மெய்யான மொழிபெயர்ப்பு' என்று
கீழே கையெழுத்துப் போடும்போது
பேனா கொஞ்சம் நின்றது.

அவள் பெயரை எழுதக் கூடாது, சட்டம்.
குழந்தை ஏ. தம்பி, குழந்தை பி.
வெள்ளைத்தாளின் பின்புறம் தன் பெயரை
அவளே எழுதிக் கொடுத்திருந்தாள்,
ஒரு 'ர' மட்டும் திரும்பி நிற்க.
அதை நகல் எடுக்கவில்லை.

எழுந்து போகும்போது கேட்டாள்:
ராத்திரி அங்க கதவைச் சாத்தாம வைப்பாங்களா?

இதற்குப் பத்தி இல்லை.
கோரிக்கையின் கடைசியில்,
'நீதிமன்றம் பொருத்தமெனக் கருதும் வேறு நிவாரணமும்'
என்பதற்கு மேலே சேர்த்துப் பார்த்தேன்.
மேடம் அடித்துவிட்டார். கோபமாக இல்லை.

பதிவு அறையில் நஞ்சேகவுடா
மூன்றாம் இணைப்பில் பக்க எண் இல்லை என்று
திருப்பிக் கொடுத்தார்.
அவர் பேனாவையே வாங்கி
நின்றபடி எண் போட்டேன்,
நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தாறு வரை.
முத்திரை. வழக்கு எண்.
விசாரணை வியாழக்கிழமை.

வராந்தாவிலிருந்து இல்லத்துக்கு போன் போட்டேன்.
மூன்றாவது தடவை வார்டன் எடுத்தார்.
கதவைச் சாத்தாமல் விட
ஆர்டர் இருக்கிறதா என்று கேட்டார்.

வரும் மேடம், வரும்.
அதுவரைக்கும்
இடுக்கில் ஒரு செருப்பை வையுங்கள்.